நிறுத்தச் சொன்ன கை

முகமூடியை மாட்டிய இரண்டாவது நொடியே நாத்தனார் அலறிவிட்டாள்.

"ஐயையோ, கழட்டுங்க அண்ணி, மூச்சு முட்டுது!"

முகமூடி இருந்தது அவள் முகத்தில். அவள் கை இரண்டும் சும்மாதான் இருந்தன. ஆனாலும் கழற்ற வேண்டியவள் அண்ணி. நாத்தனார் எப்போதுமே அப்படித்தான். அழகு நிலையம் நடத்துகிறவள். நாள் முழுக்க ஊரார் முகத்தில் எதை எதையோ பூசிவிட்டு, கண்ணைத் திறக்காதே, வாயைத் திறக்காதே என்று அதட்டுகிறவளுக்குத் தன் முகத்தில் ஒரு ரப்பர் விளிம்பு ஒட்டினால் தாங்கவில்லை.

"நான் கரையில உட்கார்ந்து பையைப் பார்த்துக்கறேன். நீங்க ரெண்டு பேரும் போய் மீனைப் பாருங்க. மீன் என்னைப் பார்க்கலேன்னா அதுக்கு ஒண்ணும் குறைஞ்சு போயிடாது."

"பையை யாரு அத்தை தூக்கிட்டுப் போகப் போறாங்க? உள்ள இருந்ததை எல்லாம் பஸ்லயே பாதி காலி பண்ணிட்டீங்களே," என்றாள் அண்ணியின் பதினோரு வயது மகள்.

அண்ணி சிரித்தாள். சிரித்துக்கொண்டே மகளை ஓரக்கண்ணால் பார்த்தாள். அந்தப் பிள்ளை கேலி பேசிக் கேட்டு எத்தனை நாளாயிற்று! இந்தப் பயணத்துக்கே அதுதான் காரணம். பள்ளியில் நீச்சல் கற்றுக்கொண்டதிலிருந்து, தண்ணீருக்கு அடியில் மீன் பார்க்க வேண்டும் என்று ஒரே ஒரு தடவை வாய் திறந்து கேட்டிருந்தாள். வாயே திறக்காத பிள்ளை திறந்து கேட்டால் எந்தத் தாய் மறுப்பாள்?

அண்ணியை வேலையிடத்தில் கிரேன்காரி என்பார்கள். இப்போது அவள் கிரேன் ஓட்டுவதில்லை. அதே கட்டட நிறுவனத்தின் ஸ்டோரில் தலைக்கவசமும் கையுறையும் எடுத்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிற வேலை. ஆனால் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டால் லேசில் விடுமா? இரண்டு வருஷமாகத் தரையில் நடக்கிறாள், இன்னும் கிரேன்காரிதான்.

நீர்ப் பூங்காவின் சறுக்குமரங்களையும் கூச்சலையும் தாண்டி, கடைசியில் இருந்தது அந்த லகூன். பெயர்தான் லகூன், கடற்கழி. கடல் பக்கத்தில்கூட இல்லை. பள்ளம் தோண்டி, சிமெண்டு பூசி, லாரி லாரியாக மணலைக் கொட்டி, உப்புத் தண்ணீர் நிரப்பி, வெளியூர் மீன்களை விட்டிருந்தார்கள். பவளப்பாறையும் சிமெண்டுதான். ஆழம் நடுவில் இரண்டு ஆள் உயரம் என்று பலகை சொன்னது. வேலை நாளானதால் கூட்டம் இல்லை. தூரத்தில் ஒரு வயதான ஜோடி மட்டும் இரண்டு தக்கைகள் போல மிதந்துகொண்டிருந்தது.

இறங்குகிறவர்களுக்குப் பாடம் எடுக்க ஒரு பெண் இருந்தாள். வெயிலில் கறுத்துக் காய்ந்து, கழுத்தில் விசிலோடு, சிரிக்கவே தெரியாத முகம். விசில்காரி என்று நாத்தனார் அப்போதே பெயர் வைத்துவிட்டாள்.

"வாயில குழாய் இருக்கும், பேச முடியாது. கைதான் பேசணும். நல்லா கவனிங்க. கட்டைவிரலை மேல காட்டினா 'சூப்பர்'னு அர்த்தமில்ல, 'நான் மேல வர்றேன்'னு அர்த்தம். விரலை வட்டமா வச்சா 'நல்லா இருக்கேன்'. ரெண்டு கையையும் தலைக்கு மேல ஆட்டினா, நான் குதிச்சு வந்துடுவேன். வேற எதுவும் வேண்டாம். லைஃப் ஜாக்கெட்டை மட்டும் கழட்டவே கூடாது."

"எங்க வீட்டுல வேற கை பாஷை இருந்துச்சு," என்றாள் மகள்.

யாரிடமும் சொல்லவில்லை, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். கிரேன்காரி குனிந்து மகளின் ஜாக்கெட் வாரை இன்னொரு தடவை இறுக்கினாள்.

அந்தப் பாஷை கொண்டுவந்தவர் அவள் புருஷன். கிரேனுக்குக் கீழே நின்று சைகை காட்டுகிறவர். வேலையிடத்தில் அவருக்குக் கைகாட்டி என்று பெயர். முப்பது மாடி உயரத்துக் கேபினில் உட்கார்ந்திருக்கிறவளுக்குக் கீழே நடப்பது பாதி தெரியாது. சுமை எங்கே இறங்குகிறது, யார் குறுக்கே போகிறார்கள் என்பதையெல்லாம் அவர் கைதான் சொல்லும். வாக்கிடாக்கி உண்டு. ஆனால் "பேட்டரி தீர்ந்துடும், கை தீராது" என்பார் அவர். ஒன்பது வருஷம் அவர் கையைப் பார்த்தே அவள் லீவரைத் தள்ளினாள். கல்யாணமே அப்படி நடந்ததுதான். முகம் தெரியாமல் கையை மட்டும் பார்த்துக் காதலித்தவள் உலகத்தில் நான் ஒருத்திதான் என்று அவளே சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

வீட்டிலும் அதே பேச்சு. டிவி சத்தத்தைக் குறைக்க வேண்டுமா, சுட்டுவிரலைக் கீழே நீட்டிச் சின்னதாக ஒரு வட்டம்: இறக்கு. தட்டில் போதுமா, கையை நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து, இடமும் வலமும்: நிறுத்து. மகள் பேசப் பழகும் முன்பே நிறுத்து காட்டப் பழகியவள். சாப்பிட அடம்பிடித்தால் இரண்டு கையையும் விரித்து ஆட்டுவாள். அது அவசர நிறுத்தம். அப்பனும் ஆத்தாளும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

பிறகு ஒரு நாள் கம்பிக் கட்டு ஒன்றை இறக்கும்போது, அதன் ஒரு முனை சாரத்தில் மாட்டிக்கொண்டது. கிரேன் தொடர்ந்து இறக்கியது. கயிறு தொய்ந்து, கட்டு நழுவி, கைகாட்டியின் மேலேயே சரிந்தது.

விசாரணையில் கிரேன்காரி சொன்னது ஒரே வரி: "அவர் இறக்குன்னுதான் காட்டினார், நான் இறக்கினேன்." யாரும் சந்தேகப்படவில்லை. புருஷனைப் பறிகொடுத்தவளிடம் யார் குறுக்குக் கேள்வி கேட்பார்கள்? கைகாட்டியின் தவறான சைகையே காரணம் என்று அறிக்கை வந்தது.

உண்மையில் அவர் என்ன காட்டினார் என்பது அவளுக்கே தெரியாது. அந்த நேரம் அவள் கையைப் பார்க்கவில்லை. மடியில் வைத்திருந்த போன் ஒளிர்ந்தது. கேபினுக்குள் போனே கொண்டுபோகக் கூடாது. குனிந்து பார்த்தாள். பாழாய்ப்போன விளம்பரம். உங்களுக்கு அதிர்ஷ்டம் காத்திருக்கிறது என்று யாரோ அனுப்பியிருந்தான். நாலு நொடி இருக்குமா? அவ்வளவுதான். நிமிர்ந்தபோது கீழே கை இல்லை.

இதை அவள் எவரிடமும் சொன்னதில்லை. சொல்லாததன் பலன் வீட்டிலேயே வளர்ந்தது. போன வருஷம் பள்ளியில் 'கவனம்' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். "என் அப்பா கவனமில்லாமல் தப்பான சைகை காட்டியதால் இறந்தார். நான் அவரைப் போல இருக்க மாட்டேன்" என்று எழுதியிருந்தாள் மகள். ஆசிரியை மிக நன்று என்று சிவப்பு மையில் பாராட்டியிருந்தார். அந்தக் காகிதத்தைப் பார்த்த அன்று கிரேன்காரி குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதாள். அப்போதும் சொல்லவில்லை. சொன்னால் மிச்சமிருக்கிற ஒரே ஜீவனும் தன்னைவிட்டுப் போய்விடும் என்ற பயம். அந்தப் பயத்தோடுதான் அவள் எழுந்தாள், படுத்தாள், இன்றைக்குத் தண்ணீரிலும் இறங்கினாள்.

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்ததும் உலகத்தின் சத்தம் மொத்தமும் அறுந்தது. தன் மூச்சு மட்டும் குழாய்க்குள் போய்ப் போய் வந்தது. மஞ்சள் மீன்கள் கூட்டமாகத் திரும்பின. நீலமாக ஒன்று, யார் வீட்டுக்கோ அவசரமாகப் போவது போலக் குறுக்கே ஓடியது. மகள் அவள் கையை ஆட்டி ஆட்டி ஒவ்வொன்றாகக் காட்டினாள். அந்தச் சின்னக் கையின் துள்ளலை இரண்டு வருஷம் கழித்து உணர்கிறாள் தாய். இதற்காக எத்தனை பஸ் மாறியும் வரலாம் என்று நினைத்தாள்.

நடுப்பகுதிக்கு வந்தார்கள். இரண்டு ஆள் உயரம் என்று பலகை சொன்னதே, கண் வேறு கணக்குச் சொன்னது. சிமெண்டுப் பாறைகள் எங்கோ அடியில் சின்னச் சின்னதாகத் தெரிந்தன. கேபின் தரைக் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தால் கட்டட வேலை நடக்கிற இடம் இப்படித்தான் இருக்கும்; அதே நேர்க்கோட்டுப் பார்வை, அதே தூரம். இரண்டு பாறைகளுக்கு நடுவே சதுரமாக ஒரு மணல் துண்டு. அங்கே மீன் ஒன்றுகூட இல்லை.

அந்தச் சதுரத்தில் ஒருவர் நின்றிருந்தார்.

வெள்ளைத் தலைக்கவசம். மஞ்சள் கையுறை. தலைக்கவசத்தின் விளிம்புக்குக் கீழே முகம் தெரியவில்லை. மேலிருந்து பார்த்தால் எப்போது தெரிந்தது? பூங்காவில் சுத்தம் செய்கிற ஆளாக இருக்கும் என்று முதலில் நினைத்தாள். ஆனால் முதுகில் காற்றுக் கலன் இல்லை. ஒரு குமிழிகூட மேலே வரவில்லை. சுற்றியிருந்த பாசியெல்லாம் நீரோட்டத்தில் ஒரே பக்கமாக அசைய, அவர் சட்டை மட்டும் அசையாமல் தொங்கியது.

வலது கை எழுந்தது. சுட்டுவிரல் கீழே நீண்டு சின்னதாக வட்டம் போட்டது. இறக்கு.

கிரேன்காரியின் வலது கை தண்ணீருக்குள் இல்லாத லீவரைப் பிடித்து முன்னால் தள்ளியது. அவள் தள்ளவில்லை, கை தானாகத் தள்ளியது. ஒன்பது வருஷப் பழக்கம், கேட்டுக்கொண்டா செய்யும்?

இடது கை உயர்ந்து வலது கைக்கு மேலே அசையாமல் நின்றது. மெதுவாக இறக்கு. அப்புறம் இரண்டும் ஒரு கணம் நின்றன. தலைக்கவசம் பக்கவாட்டில் திரும்பியது, எதையோ கவனித்ததுபோல. உடனே வலது கை நீண்டது. உள்ளங்கை கவிழ்ந்தது. இடமும் வலமும்.

நிறுத்து.

இன்னொரு தடவை. நிறுத்து. அடுத்து இரண்டு கைகளும் விரிந்தன. அவசரம். நிறுத்து, நிறுத்து, நிறுத்து. நாலு நொடி ஆகியிருக்கும். கைகள் ஓயவில்லை. ஓயவும் செய்யாது என்பது கிரேன்காரிக்குத் தெரியும். நிறுத்து காட்டினால் மேலேயிருந்து ஒரு சின்ன ஹார்ன் வர வேண்டும். பார்த்துவிட்டேன் என்பதற்கு அதுதான் அடையாளம். அது காதில் விழும்வரை எந்தக் கைகாட்டியும் கையை இறக்க மாட்டான், இறக்கக் கூடாது. அது அவர்கள் தொழில் முறை. இரண்டு வருஷமாக இவருக்கு அந்த ஹார்ன் வரவே இல்லை.

அவள் பிடியிலிருந்த மகளின் கை இறுகியது. நகம் பதிகிற அளவுக்கு இறுகியது.

தலையைத் தூக்கிக் குழாயைத் துப்பியபோது வெயிலும் சறுக்குமரக் கூச்சலும் ஒன்றுமே நடக்காததுபோல அங்கேயே இருந்தன. மகளும் தலையைத் தூக்கினாள்.

"அம்மா, கீழ யாரோ நிக்கிறாங்க."

"நிழலும்மா. பாறை நிழல். வா, கரைக்குப் போகலாம்."

"நிழல் மஞ்சளா இருக்குமா?"

அவள் பிள்ளையை இழுத்துக்கொண்டு நீந்தினாள். படியில் நின்ற விசில்காரியிடம், கீழே சுத்தம் செய்ய ஆள் இறங்கியிருக்கிறதா என்று மூச்சு வாங்கக் கேட்டாள்.

"திங்கக்கிழமை மட்டும்தான் மேடம் இறங்குவாங்க. இன்னிக்கு யாரும் இல்ல. ஏன், எதையாவது கீழ போட்டுட்டீங்களா?"

"இல்ல," என்றாள் கிரேன்காரி. "ஒண்ணும் போடல."

குடை நிழலில் நாத்தனார் ரொட்டியும் பழமும் எடுத்து வைத்திருந்தாள். உதட்டுச் சாயம் கலையாமல் சாப்பிடுவது எப்படி என்று ஒரு பிரசங்கமே நடத்தினாள். இருவரும் கேட்கவில்லை. மகள் ரொட்டியைத் தொடாமல் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாக அதை நீட்டினாள். உள்ளங்கையைக் கவிழ்த்தாள். இடமும் வலமும் அசைத்தாள்.

"அம்மா, இது என்ன சிக்னல்?"

தெரியாமலா கேட்கிறாள்? பேசுவதற்கு முன்பே கற்றதை மறந்தா கேட்கிறாள்? கிரேன்காரி ரொட்டியை மகள் பக்கம் நகர்த்தினாள்.

"இறக்குன்னு நினைக்கிறேன். மறந்துபோச்சும்மா. சாப்பிடு."

"இறக்குன்னா விரல் கீழ இருக்கும். இது நிறுத்து."

நாத்தனார் பிரசங்கத்தை விட்டுவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன அண்ணி இது, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க? குளிருதா? துண்டை எடுத்துப் போர்த்திக்கோங்க." பிறகு தன் பாட்டுக்கு ஒரு பெருமூச்சு விட்டாள். "எங்க அண்ணனும் அன்னிக்கு இதைக் காட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். என்ன பண்றது, ஒரு நிமிஷம் புத்தி தடுமாறிடுச்சு."

மகள் எழுந்து நின்றாள். கழிப்பறைக்குப் போய்வருகிறேன் என்றாள். கூட வருகிறேன் என்று தாய் எழுந்ததற்கு, "நான் என்ன குழந்தையா?" என்று முறைத்தாள்.

கிரேன்காரி உட்கார்ந்துகொண்டாள். அந்தத் தப்புக்காக அவள் தன்னைச் செத்தாலும் மன்னிக்கப் போவதில்லை. ஐந்து நிமிஷம் பார்த்தாள். பத்து நிமிஷம் ஆயிற்று. விசில்காரி அந்த வயதான ஜோடியின் முகமூடிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள், முதுகு தண்ணீர்ப் பக்கம் இருந்தது. லகூனின் தூரத்துப் படியில் ஆரஞ்சு நிறமாக ஏதோ கிடந்தது.

லைஃப் ஜாக்கெட்.

எப்படி ஓடினாள் என்று அவளுக்குத் தெரியாது. பின்னால் நாத்தனாரின் அலறலும் அதன் பின்னால் விசிலும் கேட்டன. முகமூடியை எடுத்து மாட்டியதுகூட நினைவில் இல்லை. தன் ஜாக்கெட்டைத் தேடவே இல்லை. குதித்தாள்.

இறங்க இறங்க ஆழம் குறையவில்லை. காது வலித்தது. நெஞ்சு வெடிக்கப் பார்த்தது. முப்பது மாடி ஏணியையும் ஒரே மூச்சில் இறங்குகிற மாதிரி இருந்தது. அந்தச் சதுர மணலில் அவர் அப்படியே நின்றிருந்தார். பக்கத்தில் மகள். ஒரு கையால் சிமெண்டுப் பாறையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அவர் மஞ்சள் கையுறையை இறக்கிவிடப் பார்த்துக்கொண்டிருந்தாள். போதும்பா, இறக்குங்கப்பா என்பதுபோல அமுக்கினாள். கை இறங்கவில்லை. அவர் பிள்ளையைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. தலை மேலேயே அண்ணாந்திருந்தது. இப்போது கிரேன்காரி அருகில் இருந்தாள். தலைக்கவசத்தின் விளிம்புக்கு அடியில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர்தான் இருந்தது. தண்ணீர் மட்டும். அதற்குள் ஒரு சின்ன மீன் நின்றிருந்தது.

கைகள் மட்டும் விரிந்து ஆடின. நிறுத்து, நிறுத்து.

அவள் பிள்ளையின் இடுப்பை அணைத்துப் பிடுங்கினாள். பிள்ளை உதறினாள், உதைத்தாள். தாய் விடவில்லை. மணலில் காலை ஊன்றி எம்பினாள். எம்பியதும் அடுத்த நொடியே தலை வெளியே வந்துவிட்டது. ஆழம் இரண்டு ஆள் உயரம்தான். விசில்காரி குதித்து வந்து இருவரையும் இடுப்பளவுத் தண்ணீருக்கு இழுத்துப் போட்டாள்.

மகள் இருமினாள், வாந்தியெடுத்தாள், மறுபடி இருமினாள். முதுகைத் தட்டிக் கொடுத்த விசில்காரி, "எதுக்குடி கழட்டினே? படிச்சுப் படிச்சு சொன்னேனே!" என்று கத்திவிட்டு, பிள்ளைக்கு மூச்சு சீரானதும் சற்று நின்று பார்த்துவிட்டு, முதலுதவிப் பெட்டி எடுக்க ஓடினாள். நாத்தனார் துண்டோடு படியில் நின்று, "கடவுளே, கடவுளே" என்றாள்.

மூச்சு வந்ததும் பிள்ளை கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"அப்பா நிறுத்துன்னுதானே காட்டினாரு?"

தண்ணீர் இடுப்பைச் சுற்றிச் சிலுசிலுத்தது. அன்றைக்குக் காற்று பலமாக அடித்தது, கண்ணில் வெயில் பட்டது, கண்ணாடியில் தூசி இருந்தது என்று இரண்டு வருஷமாக அவள் அடுக்கி வைத்திருந்த பதில்கள் ஆயிரம். அத்தனையையும் கீழே போட்டாள்.

"ஆமா."

"இறக்குன்னு காட்டினார்னு நீதானே சொன்னே. எல்லார்கிட்டயும் சொன்னே."

"ஆமா."

"அப்போ நீ எங்க பார்த்துக்கிட்டு இருந்தே?"

போய்விடும், இதோடு எல்லாம் போய்விடும் என்றுதான் நினைத்தாள். ஆனால் இந்தப் பிள்ளை இன்னொரு தரம் ஜாக்கெட்டைக் கழற்றும். இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு, இங்கே இல்லாவிட்டால் வேறெங்காவது, அந்தக் கையை இறக்கிவிடப் போகும். கிரேன்காரி மகளைப் பார்த்துச் சொல்ல முடியாமல் லகூனின் நடுவைப் பார்த்துச் சொன்னாள். சத்தமாகவே சொன்னாள்.

"போனைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். ஏதோ விளம்பரம். நிமிர்ந்து பார்க்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. அவர் கையை நான் பார்க்கவே இல்ல. பொய் சொன்னேன். அவர் சரியாத்தான் காட்டினாரு. தப்பு என்னோடது. உங்கப்பா மேல ஒரு துளி தப்பு கிடையாது."

நடுத் தண்ணீரில் ஒரு அலை கிளம்பியது. காற்றே இல்லை. வட்டமாக விரிந்து வந்து அவர்கள் இடுப்பில் மோதி, படியில் ஏறி, நாத்தனாரின் பாதத்தை நனைத்தது. அவள் பின்வாங்கவில்லை. அவளுக்கு எல்லாம் காதில் விழுந்திருந்தது.

"ரெண்டு வருஷமா எங்க அண்ணனை நான்..." என்று ஆரம்பித்தாள். துண்டை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு ஈரப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கிரேன்காரி காத்திருந்தாள். அடிக்கட்டும், திட்டட்டும், அத்தை வீட்டுக்கே போகிறேன் என்று சொல்லட்டும். எதற்கும் தயாராக நின்றாள். உள்ளே ஏதோ ஒன்று இரண்டு வருஷம் கழித்துத் தரையில் இறங்கியது. அதையும் அவள் உணர்ந்தாள்.

மகள் அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. தாயின் நெற்றியிலிருந்த முகமூடியைப் பறித்தாள். முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டு தண்ணீருக்குள் குனிந்தாள். வெகுநேரம் குனிந்திருந்தாள். இடமும் வலமுமாகத் தலை திரும்பித் திரும்பித் தேடியது. தாய் அவள் தோளைத் தொடப் பயந்து, தொடாமல் கையை அருகில் வைத்துக்கொண்டு நின்றாள்.

பிள்ளை நிமிர்ந்தாள். முகமூடிக்குள் தண்ணீர் ஏறியிருந்தது.

"இல்லம்மா," என்றாள். "கையை இறக்கிட்டாரு. போயிட்டாரு."

"கண்ணு..."

தாய் நீட்டிய கையை அவள் தட்டிவிட்டாள். அப்பா செத்த அன்றுகூட அழாத பிள்ளை, உதடு கோணி, தொண்டை கிழிய, அந்த லகூன் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

"இப்ப எதுக்குச் சொன்னே? சொல்லாமலே இருந்திருந்தா அங்கேயே நின்னுக்கிட்டு இருந்திருப்பாரே!"